மாணவர் நடத்தும் தொலைக்காட்சி: முடிவு யார் கையில்?

பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் சமூகத் தொலைக்காட்சி என்ற பேச்சு எழுந்தால், யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் கமராவின் விலையில்தான் உரையாடல் தொடங்குகிறது. அடுத்ததாக ஒளிபரப்பு அனுமதி கிடைக்குமா என்ற ஐயம் வருகிறது. இவ்விரண்டும் இன்று முன்னைப்போலப் பெரிய தடைகளாக இல்லை. ஓரளவு நல்ல கைப்பேசியும், சட்டைக் கழுத்தில் மாட்டும் மைக்கும், ஓ.பி.எஸ். போன்ற இலவச மென்பொருளும் இருந்தால் ஒரு நிகழ்ச்சியை நேரலையாகவே கொடுத்துவிடலாம். எதைப் படமெடுப்பது, எடுத்ததில் எதை வெளியிடுவது, வெளியிட்டதற்கு யார் பதில் சொல்வது, பதில் சொல்ல வேண்டியவர் பட்டம் பெற்றுப் போனபின் அந்தப் பொறுப்பு யாரிடம் சேர்வது என்பவைதாம் இத்தகைய நிலையங்களின் ஆயுளைத் தீர்மானித்து வந்திருக்கின்றன. கமராவின் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பல்கலைக்கழகங்கள் தொலைக்காட்சிக்குள் வந்த கதை பழையது. 1953 மே மாதத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் தொடங்கிய நிலையமே அந்நாட்டின் முதலாவது வணிக நோக்கற்ற கல்வித் தொலைக்காட்சியாகும். அதன் கடிவாளம் நிருவாகத்திடமும் பேராசிரியர்களிடமும் இருந்தது. மாணவர்கள் தாமாகவே தொடங்கியதற்கு 1964 இல் உருவான கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் தொலைக்காட்சியை முன்னோடியாகச் சொல்வார்கள். பிரித்தானியாவில் இன்றுவரை நடந்துவரும் மாணவர் நிலையங்களில் அதுவே மூத்தது. அதனைத் தொடர்ந்து 1967 இல் யோர்க்கிலும் ஒரு நிலையம் வந்தது. இந்தப் பிரித்தானிய நிலையங்கள் வளாகத்துக்குள் சக மாணவருக்காக இயங்கியவை. மாணவர் சங்கத் தேர்தல், விளையாட்டுப் போட்டி, நகைச்சுவை நாடகம் என்பனவே அவற்றின் அன்றாடச் சரக்கு. வளாக மதிலுக்கு வெளியே வாழும் மக்களோடு அவற்றுக்கு இருந்த தொடர்பு குறைவு. ஆகவே, மாணவர் தொலைக்காட்சி என்பதும் சமூகத் தொலைக்காட்சி என்பதும் ஒன்றாகிவிடாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர நினைப்பவர்கள் வேறு இரு முன்னுதாரணங்களைப் பார்ப்பது நல்லது.

முதலாவது, கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையோரம் உள்ள போகோ தீவில் நடந்தது. 1967 இல் அத்தீவின் மீனவக் கிராமங்கள் வறுமையில் இருந்தன. மக்களைத் தீவை விட்டு வெளியேற்றி வேறிடங்களில் குடியமர்த்தும் எண்ணம் அரசுக்கு இருந்தது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு, கனடாவின் தேசியத் திரைப்படச் சபையோடு சேர்ந்து அங்கே இறங்கியது. இயக்குநர் கொலின் லோ தீவு மக்களோடு பேசி இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். இவை முதலில் தீவு மக்களுக்கே திரையிடப்பட்டன. ஒரு கிராமத்தவர் மறு கிராமத்தவரின் முறைப்பாட்டைத் திரையில் கேட்டார்கள். தம்மைப்போலவே அவர்களும் பாடுபடுகிறார்கள் என்பதை அறிந்தார்கள். படத்தில் இருப்பவர் பார்த்துச் சம்மதித்த பின்னரே அது வெளியாருக்குக் காட்டப்பட்டது. பின்னர் அப்படங்கள் தலைநகரில் ஆட்சியாளர்களுக்குக் காட்டப்பட்டன. அமைச்சர் ஒருவரின் பதிலும் படமாக்கப்பட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தது. மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவிலேயே தங்கினார்கள். இந்த முடிவுக்குப் படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும் பேசுவோரும் கேட்போரும் ஒரே மக்களாக இருக்கும்போது படக்கருவி என்ன வேலை செய்யும் என்பதை அது காட்டியது. நெடுந்தீவுக்கும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் படகேறிப் போகும் ஊர்க்காரருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்தது. 1975–76 இல் இந்தியா, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியைக் கொண்டு சென்றது. அதே காலத்தில் பீஜ் என்னும் கிராமத்தில் சிறு ஒளிபரப்பி ஒன்றை நிறுவி, அந்த மாவட்டத்துக்கு மட்டுமான நிகழ்ச்சிகளை அந்த மக்களின் பேச்சு மொழியிலேயே வழங்கும் முயற்சியும் நடந்தது. கிராமத்தவரே நடித்தார்கள், குறைந்த கூலி, சாதிக் கொடுமை, பெண்களின் நிலை ஆகியன கதைப்பொருளாயின. 1984 இல் அதற்கு யுனெஸ்கோவின் பரிசு கிடைத்தது. நாடு முழுவதற்குமான நிகழ்ச்சி தர முடியாத ஒன்றை ஒரு மாவட்டத்துக்கான நிகழ்ச்சி தந்தது: பார்ப்பவர் திரையில் தம் அயலவரைக் கண்டார்.

இலங்கைக்கு வருவோம். 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. 1982 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின்படி, தனியார் தொலைக்காட்சி நிலையம் ஒன்றை நடத்துவதற்கு அமைச்சரின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அலைக்கற்றைக்கு, 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். அரசு நிலையம், வணிக நிலையம் என்ற இரண்டையும் மனத்தில் வைத்து வளர்ந்த இந்த ஏற்பாட்டில், சமூக ஒளிபரப்பு எனத் தனியான ஒரு வகுப்பு இல்லை. மகாவலித் திட்டப் பகுதிகளில் 1981 இல் தொடங்கிய சமூக வானொலியும், அதன் வழிவந்த கொத்மலை வானொலியும் உலக அளவில் பேசப்பட்டவை. ஆயினும் அவை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழேயே இயங்கின. மக்கள் பேசினார்கள், உரிமை அரசிடம் இருந்தது. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தைப் பரிசீலித்த உயர் நீதிமன்றம், அலைக்கற்றை பொதுச் சொத்து என்பதை எடுத்துரைத்து, அரசின் பிடியில் இருக்கும் அதிகாரசபையிடம் அதனை ஒப்படைக்கும் ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலம் அத்தோடு நின்றது. சமூக ஒளிபரப்புக்கான வாசலும் அதன்பின் திறக்கப்படவில்லை.

சென்னையின் நிலை வேறு. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பெப்ரவரியில் தொடங்கிய பண்பலை நிலையம் இந்தியாவின் முதலாவது வளாகச் சமூக வானொலியாகும். கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கும் கொள்கையை இந்திய அரசு முன்னரே வகுத்திருந்ததால் அது இயன்றது. பாக்கு நீரிணைக்கு இப்பால் அப்படியொரு கொள்கை வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்றால், தேவையில்லை என்பதே பதில். யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் ஒளிபரப்பும்போது அலைக்கற்றை பயன்படுவதில்லை. ஆகவே அலைக்கற்றை அனுமதி என்ற பேச்சே எழுவதில்லை. ஆனால் வேறு சட்டங்கள் அங்கும் பின்தொடர்கின்றன. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யெனக் கருதப்படும் கூற்றுகளை இணையத்தில் வெளியிடுவோரையும் தண்டிக்க வழிசெய்கிறது. இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவர் தனியாக அதன் முன் நிற்கும் நிலை ஏற்படாதிருக்க வேண்டும் என்பதே, எதை வெளியிடுவது என்று தீர்மானிக்கும் முறையான ஆசிரியபீடம் நிலையத்துக்குத் தேவை என்பதற்கு முதற் காரணம்.

யாழ்ப்பாணத்துக்குத் திரையோடு உள்ள உறவு பெரும்பாலும் வேறு ஊர்களின் முகங்களோடு உள்ள உறவாகவே இருந்து வந்திருக்கிறது. எண்பதுகளில் உயரமான கம்பங்களில் அன்ரனாவைக் கட்டி, வடக்கே திருப்பி, தூரதர்ஷனைப் பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் முதற்பாதியில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும், ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்ததும் அக்காலத்து வழக்கம். பிறகு செய்மதியும் கேபிளும் வந்து சென்னையின் தொடர்களை வீட்டுக் கூடத்தில் இறக்கின. கொழும்பின் தமிழ் அலைவரிசைகளில் யாழ்ப்பாணம் போராட்டமாக, வெள்ளமாக, நல்லூர்த் தேராக வந்துபோகும். குருநகரில் வலை பின்னும் ஒருவர் தன் தொழிலைப் பற்றி அரை மணி நேரம் நிறுத்தி நிதானமாகப் பேசும் இடம் எந்தத் திரையிலும் இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

கைப்பேசி வந்தபின் அந்த இடத்தை யூடியூப்பர்கள் ஓரளவு நிரப்பியிருக்கிறார்கள். அவர்களுள் உழைப்பும் நேர்மையும் உள்ளவர்கள் பலர். ஆனால் உதவி வீடியோ என்றே பெயர் பெற்றுவிட்ட ஒருவகை இங்கே செழித்திருக்கிறது. வறிய குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போய், ஒழுகும் கூரையையும் அடுப்படியையும் பிள்ளைகளின் முகங்களையும் காட்டி, தாயை அழ வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த காசைக் கமராவின் முன் கையில் கொடுக்கும் காட்சிகள் அவை. அந்தப் பிள்ளை நாளை வகுப்பில் எப்படி இருக்கும் என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. உதவி உண்மையானது, தேவையும் உண்மையானது. அவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னும், படம்பிடிக்கப்படுபவருக்கு அங்கே மறுக்கும் வலு இல்லை என்பது மாறாது. போகோ தீவில் இருந்த அந்த ஒரு விதி, அதாவது படத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டும், வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும் என்ற விதி, யாழ்ப்பாணத்தின் மாணவர் நிலையம் ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அடையாளமாக இருக்கும். விதி எளிது, நடைமுறை கடினம். படத்தொகுப்பு முடிந்த நிகழ்ச்சியை மறுபடி பாசையூருக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டும், சொல்லப்படும் திருத்தத்தைச் செய்ய வேண்டும், ஒருவேளை இரண்டு வார உழைப்பை அப்படியே கைவிடவும் வேண்டும்.

இந்த விதியைப் பதவியில் இருப்போருக்கு நீட்டக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரதேச சபைத் தவிசாளரோ திணைக்களத் தலைவரோ தம் பேட்டியை முன்கூட்டிப் பார்த்துத் திருத்தும் உரிமை கேட்டால், அது செய்தியைத் தணிக்கைக்கு ஒப்படைப்பதாகிவிடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்தில் நீர் குடிக்க உகந்ததா என்று ஊரவர் கேட்ட கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒவ்வாத விடைகள் வந்ததை எண்ணிப் பார்த்தால், கேட்கப்பட வேண்டியவர்களைக் கேட்கும் நிலையம் ஒன்றின் தேவை விளங்கும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இங்கே மாணவருக்கு நல்ல கருவி. ஒரு விண்ணப்பம், ஒரு பதில் கடிதம், அந்தக் கடிதத்தைத் திரையில் காட்டி வரி வரியாக விளக்கும் பத்து நிமிட நிகழ்ச்சி: இதற்குப் பெரிய கலையகம் எதுவும் தேவையில்லை.

இனி வளாகத்துக்குள் இருக்கும் கேள்வி. 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இன்று ஓரிடத்தில் இல்லை. திருநெல்வேலியில் கலைப்பீடமும் விஞ்ஞான பீடமும் உள்ளன. ஊடகக் கற்கைகள் கலைப்பீடத்தைச் சேர்ந்தது. இசையும் நடனமும் மருதனார்மடத்தில், பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல்நகரில். படமெடுக்கக் கற்பவர் ஓரிடத்தில், இசையமைக்கக் கூடியவர் வேறோரிடத்தில், மின்னணுவியல் தெரிந்தவர் அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால். இது இடைஞ்சலாகத் தோன்றினாலும், கிளிநொச்சியின் குளத்து நீரையும் வயலையும் பற்றிய நிகழ்ச்சிக்கு அங்கேயே இருப்பவர்கள் கிடைக்கிறார்கள் என்பது ஆதாயம். சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் இங்கே கணிசமாகப் படிக்கிறார்கள். தமிழ் நிகழ்ச்சிக்குச் சிங்களத் துணைவரி எழுத அவர்களைக் கூப்பிடுவதோடு நிறுத்தாமல், யாழ்ப்பாணத்தை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லவும் இடம் கொடுத்தால், வேறெந்த அலைவரிசையிலும் கிடைக்காத நிகழ்ச்சி ஒன்று கிடைக்கும்.

நிலையத்தின் சட்டபூர்வ உருவம் எளிதில் அமையும்: மாணவர் கழகமாகப் பதிந்து, விரிவுரையாளர் ஒருவரைக் கணக்குக்குப் பொறுப்பான பெரும்பொருளாளராகக் கொள்ளலாம். சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. ஒளிபரப்புக்கு முன் யார் பார்த்து அனுமதிப்பது? துறைத் தலைவரா, பீடாதிபதியா, மாணவர் ஒன்றியமா? பல்கலைக்கழகப் பெயரும் சின்னமும் திரையின் மூலையில் இருக்கும்வரை நிருவாகம் பதற்றப்படத்தான் செய்யும்; மாணவர் ஒன்றியமும் தன்னை விமர்சிக்கும் நிகழ்ச்சியை எளிதில் பொறுத்துக்கொள்ளாது. ஒன்றியத் தேர்தலோ பகிடிவதையோ செய்தியாகும் நாளில் இரு பக்கத்திலிருந்தும் தொலைபேசி வரும். அந்நாள் வரும் முன்பே, உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பது ஆசிரியபீடம் மட்டுமே; விரிவுரையாளர் ஆலோசனை கூறலாம், தடுக்க இயலாது; முறைப்பாடு வந்தால் இத்தனை நாளுக்குள் மறுப்பு வெளியிடப்படும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எல்லாத் தரப்பும் ஒப்பமிட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்ன உறுதி, புதிய பீடாதிபதி வந்ததும் மறைந்துவிடும்.

மாணவர் நிலையங்களின் தீராத நோய் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது. முதலாம் வருடத்தில் ஒருவர் வளாகத்தைப் பழகிக்கொள்கிறார். நான்காம் வருடத்தில் ஆய்வுக்கட்டுரை அவரை விழுங்குகிறது. இடையில் இருக்கும் இரண்டு வருடமே அவர் நிலையத்துக்குத் தரக்கூடிய காலம், அதிலும் பரீட்சையும் பகிஷ்கரிப்பும் போக மிச்சம். திறமையும் உற்சாகமும் உள்ள ஓர் அணி வந்தால் நிலையம் களைகட்டும். அந்த அணி பட்டமளிப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டு போனதும் யூடியூப் கணக்கின் கடவுச்சொல் கூட யாருக்கும் தெரியாமற் போகும். நகைப்புக்காக இதைச் சொல்லவில்லை. வளாகங்களில் தொடங்கிய எத்தனையோ பக்கங்களும் அலைவரிசைகளும் கடைசிப் பதிவோடு அப்படியே உறைந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். கணக்குகள் தனியாள் மின்னஞ்சலில் இல்லாமல் பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்றாம் வருடத்தவர் ஒருவரும் இரண்டாம் வருடத்தவர் ஒருவருமாக இருவர் இருக்க வேண்டும். இளையவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்காமல் மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியைத் தானே முடிக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தில் ஆரம்பத்தினர் படத்துக்குக் கொடுக்கும் கவனத்தை ஒலிக்குக் கொடுப்பதில்லை. பார்வையாளர் மங்கலான படத்தைப் பொறுப்பார், கேட்காத குரலைப் பொறுக்கமாட்டார். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வியாபாரி ஒருவரைக் கைப்பேசியின் மைக்கை மட்டும் நம்பிப் பதிவு செய்தால், பலாலி வீதியில் போகும் பேருந்தின் ஹோர்னே நிகழ்ச்சியின் நாயகனாகிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் கடற்கரையில் எடுக்கும் பேட்டி இன்னும் மோசம். மைக்கின் மேல் பஞ்சுறை இல்லாவிட்டால் காற்றின் உறுமல் ஒவ்வொரு சொல்லையும் தின்றுவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அறைக்குள் வேறொரு தொல்லை உண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கைப்பேசிகள் வழக்கமாக நொடிக்கு 30 படச்சட்டங்கள் (பிரேம்கள்) எடுக்கும்படி அமைந்திருக்கும். விரிவுரை மண்டபத்துக் குழல் விளக்கின் கீழ் இந்த இரண்டும் பொருந்தாமல் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். படச்சட்டங்களை 25 ஆகவும் ஷட்டரின் திறப்பு வேகத்தை ஐம்பதில் ஒரு நொடியாகவும் மாற்றினால் பட்டைகள் மறையும்.

நேரலையின் கணக்கும் எளிதுதான். நொடிக்கு 3 மெகாபிற் வேகத்தில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிகாபைற் டேட்டா செலவாகும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வளாகத்துக்குள் இதைத் தாங்கும். வெளியே ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தைப் பிடித்திருக்கும் திருவிழாக் கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு தாங்காது. ஆகவே நல்லூரிலிருந்து நேரலை செய்வதைவிட, பதிவு செய்து அன்றிரவே வெளியிடுவது புத்தி. கோயில் நிகழ்ச்சிகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது: ஒலிபெருக்கியில் போகும் பக்திப்பாடல் ஏதாவதொரு இசை நிறுவனத்தின் பதிவாக இருந்தால், யூடியூப்பின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து நிகழ்ச்சியின் ஒலியை முடக்கவோ வருமானத்தை வேறு பக்கம் திருப்பவோ கூடும். மருதனார்மடத்து மாணவர்கள் வாசித்துக் கொடுக்கும் சொந்த இசை இங்கே கைகொடுக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை நீண்ட பேச்சுக்கு இடமில்லை. வாரம் ஒரு நிகழ்ச்சிக்கு வேண்டிய செலவில் பெரும்பகுதி பயணமும் சாப்பாடும். பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்தோரும் தருவார்கள். தருபவரின் பெயரைத் திரையில் இடலாம், உள்ளடக்கத்தில் அவருக்கு வாக்கு இல்லை என்பதை மேற்சொன்ன அதே தாளில் எழுதிவிடலாம். தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரத்தை ஏற்பதா என்பது மட்டும் கடினமான கேள்வி, ஏனெனில் யாழ்ப்பாணத்தில் விளம்பரக் காசு அங்கேதான் இருக்கிறது, கேட்கப்பட வேண்டிய கேள்விகளும் அங்கே நிறைய உண்டு. என் கருத்தில் ஏற்காமல் விடுவதே நல்லது.

செலவுப் பட்டியலில் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று சேமிப்பு. உயர்தரப் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 22 ஜிகாபைற் இடம் பிடிக்கும். நிகழ்ச்சி வெளியானதும் மூலப்பதிவை அழித்து ஹாட் டிஸ்கைக் காலியாக்குவது மாணவர் வழக்கம். பத்து நிமிட நிகழ்ச்சிக்காகப் பேசியவரின் மற்ற ஐம்பது நிமிடங்களும் அத்தோடு போய்விடும். மயிலிட்டி 2017 ஜூலையில் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தம் காணியின் எல்லையைத் தேடிய முதியவர்களுள் பலர் தாம் கண்டதையும் நினைத்ததையும் முழுமையாகச் சொல்ல ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றாலும் எல்லோரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மூலப்பதிவும் பேசியவரின் சம்மதக் கடிதத்தோடு, ஊர், திகதி, பேசியவர், பதிவு செய்தவர் என்ற நான்கு விபரமும் கோப்பின் பெயரிலேயே இருக்குமாறு இரண்டு பிரதிகளாக வைக்கப்பட வேண்டும். ஒன்று பல்கலைக்கழக நூலகத்திலும், மற்றது 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் போன்ற ஓரிடத்திலும் இருக்கலாம். இதற்கான உடன்பாட்டை முதல் நிகழ்ச்சி வெளியாகும் முன்பே எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் முதல் அணி போனபின் அதை எழுத யாருக்கும் நேரம் இருக்காது.